இரண்டு வாரம் தாண்டிய இருமல்: காசநோயின் அறிகுறிகளை வணிகர்கள் அறிந்துகொள்வோம்

மளிகைக் கடைக்காரருக்குத் தம் ஊர்க் குடும்பங்களைப் பற்றித் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரிவது அரிது. யார் வீட்டில் மாதம் எத்தனை படி அரிசி செலவாகிறது, யார் பற்று நோட்டில் பாக்கி ஏறுகிறது, யார் வீட்டுப் பிள்ளை இரண்டு நாளாகக் கடைப் பக்கம் வரவில்லை என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். டாக்டரிடம் வருடத்துக்கு ஒருமுறை போகாதவர்கூட நம் கடைக்கு வாரத்துக்கு நான்கு முறை வருகிறார். ஆகவே, ஒரு நோயின் முதல் அடையாளத்தைக் காணும் வாய்ப்பு பல வேளைகளில் ஆஸ்பத்திரிக்கு முன்பாக நமக்கே கிடைக்கிறது. அந்த நோய் காசநோய். டி.பி. என்றும், சயரோகம் என்றும், எலும்புருக்கி நோய் என்றும் நம் முன்னோர் அஞ்சிய அதே நோய்தான்.

காட்டுப்பள்ளியிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும். நல்ல மருத்துவ வசதிக்குப் பொன்னேரிக்கோ, மீஞ்சூருக்கோ, சென்னைக்கோதான் போக வேண்டும். ஒரு நாள் வலை போடாவிட்டால் அன்றைக்கு வரும்படி இல்லை. இருமலுக்காக ஒரு நாளை இழக்க மனம் வராமல் கடையில் ஒரு பொட்டலம் சுக்கும் மிளகும், இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாட்டில் இருமல் மருந்தும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்களும் நம் வாடிக்கையாளர்களாகி இருக்கிறார்கள். ஓர் அறையில் பலர் தங்கும் இவர்களுக்கும் இந்த எச்சரிக்கை தேவை.

நோய் எப்படிப் பரவுகிறது?

காசநோய் ஒரு கிருமியால் உண்டாவது. 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் இக்கிருமியைக் கண்டறிந்ததை உலகுக்கு அறிவித்தார். அந்த நாளே இன்று உலகக் காசநோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. பரம்பரைச் சாபம், செய்வினை என்பதெல்லாம் அன்றோடு பொய்யாகிவிட்டது. உலகில் உள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை நெடுநேரம் மிதக்கும். அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத் தொற்று ஏற்படுகிறது. தொற்று ஏற்பட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோயாக மாறும். மற்றவர்கள் உடலில் கிருமி அடங்கிக் கிடக்கும். உடல் பலம் குன்றும்போது, அதாவது போதிய உணவு இல்லாதபோதும், சர்க்கரை நோய் கட்டுப்படாதபோதும், புகையும் குடியும் மிகும்போதும் அது தலைதூக்கும்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைமாறும் ரூபாய் நோட்டினாலோ, தொட்ட சரக்கினாலோ, குடித்த டம்ளரினாலோ இந்நோய் பரவுவதில்லை. எனவே நோயாளி வீட்டாரைக் கடைக்கு வெளியே நிறுத்திச் சரக்குக் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

அறிகுறிகள் எவை?

1. இருமல்: இதுவே முதன்மையான அடையாளம். சளியோடோ, சளி இல்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். காசநோய் இருமல் தொடக்கத்தில் வறட்டு இருமலாக இருந்து, பிறகு கோழை கட்டும்.

2. மாலைக் காய்ச்சல்: காலையில் உடம்பு சரியாக இருக்கும். பொழுது சாயும்போது இலேசாகச் சுடும். அனல் கொதிக்கும் காய்ச்சலாக இல்லாததால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை.

3. இரவு வியர்வை: காற்று வீசும் இரவிலும் தலையணையும் சட்டையும் நனையும் அளவுக்கு வியர்க்கும்.

4. பசியின்மையும் எடை குறைவும்: சட்டை தொளதொளக்கும், மோதிரம் கழலும், கன்னம் ஒட்டும். வேலையும் உணவும் முன்போலவே இருக்க, எடை மட்டும் குறைந்துகொண்டே போனால் அதற்குக் காரணம் கண்டறிந்தாக வேண்டும்.

5. கோழையில் இரத்தம்: சிவப்புக் கோடாகவோ, திட்டாகவோ வரும். வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் உள்ளவர்கள் எச்சிலின் சிவப்போடு இதை வேறுபடுத்தத் தெரியாமல் விட்டுவிடக்கூடும். காலையில் வாய் கொப்பளித்த பின் வரும் கோழையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரத்தம் கண்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

6. நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், அசதி: நேற்றுவரை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்த லோடுமேன் இன்று பாதி வழியில் இறக்கி வைத்து நிற்கிறார் என்றால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது.

இவை அனைத்தும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. இருமல் ஒன்று மட்டும் இருந்தாலே சோதனைக்குப் போதுமான காரணம் ஆகும்.

அபாய அறிகுறிகள் தனி. கால் வீக்கம், பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடியாத பலவீனம், உட்கார்ந்திருக்கும்போதே வேகமாக மூச்சு வாங்குதல், எலும்பும் தோலுமாக மெலிந்துபோதல் ஆகியவை கண்டால் நோயாளியை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் இத்தகைய அடையாளங்களைக் கணித்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தனியே பிரித்துச் சிகிச்சை தருகிறார்கள்.

தூசி இருமல் என்று தள்ளிவிடலாமா?

நம் தொழிலில் இருமலுக்குப் பஞ்சமில்லை. மிளகாய் வற்றல் மண்டியில் நெடி, மாவு மில்லில் தூசி, கிடங்கில் சாக்குத் தூசி. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பல். புகைபிடிப்பவருக்குப் புகை. ஒவ்வொருவருக்கும் இருமலுக்கு ஒரு சமாதானம் கையிலேயே இருக்கிறது. அதனால்தான் நோய் மறைகிறது.

பொதுவாகத் தூசியால் வரும் இருமல், இடத்தை விட்டு நான்கு நாள் விலகி இருந்தால் தணியும். அதோடு காய்ச்சலும் எடை குறைவும் சேர்வதில்லை. எனினும் இந்த வேறுபாட்டை வைத்து நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பல ஆண்டுகளாகப் புகை இருமல் உள்ளவருக்கு அந்த இருமலின் தன்மை மாறினாலோ, அதிகரித்தாலோ அதுவும் சோதிக்கத்தக்கதே.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடத்தப்பட்ட காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 100-க்கு 64 பேர் எந்த மருத்துவ உதவியையும் நாடவில்லை என்று தெரியவந்தது. அவர்களுள் பெரும்பாலோர் சொன்ன காரணம், அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்பதே. அதே கணக்கெடுப்பில், நோய் உறுதியானவர்களில் 100-க்கு 43 பேர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டார்கள். அறிகுறி வெளியே தெரியாமலும் நோய் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. எனவே நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் இருமலுக்காகக் காத்திராமல் சோதனை செய்துகொள்வது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நாள் முழுவதும் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் நம்மில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் தெரியும் அடையாளம்

ஒரே வாடிக்கையாளர் மூன்றாவது முறையாகச் சித்தரத்தை, அதிமதுரம், திப்பிலி கேட்கிறார். இருமல் மிட்டாயை ஒன்றிரண்டாக வாங்கியவர் இப்போது பாக்கெட்டாக வாங்குகிறார். இத்தகைய வேளையில், "இருமல் எத்தனை நாளாக இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றால், "கசாயம் குடியுங்கள், அதோடு சளிச் சோதனையும் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லலாம். நாலு பேர் முன்னிலையில் நோயின் பெயரைச் சொல்லாமல், கூட்டம் குறைந்த நேரத்தில் தனியே சொல்வது நாகரிகம்.

மருந்துக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீண்ட நாள் இருமலுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாட்டிக் மாத்திரை கொடுப்பது பெரும் தீங்கு. அவற்றுள் சில, காசநோய்க் கிருமியையும் சிறிது அடக்கி, நோயை மறைத்துவிடும். கண்டுபிடிப்பு பல வாரம் தள்ளிப்போவதோடு, அந்த மருந்துக்கே கிருமி பழகிவிடவும் கூடும்.

சோதனையும் சிகிச்சையும்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசு மருத்துவமனையிலோ கோழைப் பரிசோதனை இலவசம். ஒரு மாதிரி உடனே, மற்றொன்று மறுநாள் அதிகாலையில் என இரண்டு மாதிரிகள் கேட்பது வழக்கம். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து வரும் கோழையை டப்பாவில் எடுக்க வேண்டும். வெறும் எச்சில் பயன்படாது. மைக்ராஸ்கோப் சோதனையோடு, கிருமியின் மரபணுவைக் கொண்டே நோயை உறுதிசெய்யும் கருவிகளும் இப்போது உள்ளன. ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அவை சில மணி நேரத்தில் காட்டிவிடுகின்றன.

வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள், தினமும் உட்கொள்ள வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சரியான மருந்து தொடங்கிய இரண்டு வாரங்களில் பெரும்பாலோரிடம் நோய் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

ஆபத்து இரண்டாம் மாதத்தில் வருகிறது. இருமல் நின்று, பசி திரும்பி, உடம்பு தேறியதும் நோயாளி மருந்தை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகத் திரும்பினால், அதை வெல்வது பன்மடங்கு கடினம். தொழிலுக்காக வேறு துறைமுகம் போகிறவர்கள் முன்கூட்டியே சுகாதார நிலையத்தில் சொன்னால், போகும் ஊரிலேயே மருந்து பெற ஏற்பாடு செய்வார்கள்.

நம் மண்ணில் கிடைத்த பாடங்கள்

மருந்து இல்லாத காலத்தில் இந்நோய் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1948-இல் தம் 42-ஆம் வயதில் காசநோயால் மறைந்தார். தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து அமைத்த சானடோரியம் போன்ற இடங்களில் நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே மருந்தாக இருந்தன.

இந்த நிலையை மாற்றியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை நகரின் நெருக்கமான ஏழை வீடுகளிலேயும் வைத்து அங்கே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு அதனால் கூடுதல் தொற்றும் ஏற்படவில்லை. நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கத் தேவையில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி சொன்னது.

இரண்டாவது பாடம் நம் மாவட்டத்துக்கே உரியது. "எனக்குச் சின்ன வயதிலேயே பி.சி.ஜி. ஊசி போட்டாயிற்று, டி.பி. வராது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பகுதியில், 1968-இல் தொடங்கி சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேரைச் சேர்த்து இந்த ஊசியைப் பற்றிய மாபெரும் ஆய்வு நடந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து இது காப்பதால், பிறந்த குழந்தைக்குத் தவறாமல் போட வேண்டும். ஆனால் கையில் உள்ள தழும்பை நம்பிப் பெரியவர்கள் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது.

பீடிக் கட்டும் அரிசிப் படியும்

நாம் விற்கும் சரக்கைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, புகைபிடிப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைபிடிக்காதவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த மற்றோர் ஆய்விலும் புகைபிடிப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. பீடி விற்பதை நாளையே நிறுத்துங்கள் என்று சொன்னால் பெட்டிக்கடை உறுப்பினர்கள் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். குறைந்தபட்சம், காசநோய் மருந்து உட்கொள்பவர் என்று தெரிந்தவருக்குப் பீடிக் கட்டை எடுத்துக் கொடுக்காமல் இருப்போம். ஒரு கட்டில் கிடைக்கும் லாபத்தைவிட ஒரு வாடிக்கையாளர் உயிரோடு இருப்பது வியாபாரத்துக்கும் நல்லது.

அதே கடையில் நோயைத் தடுக்கும் சரக்கும் இருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரைகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். நம் சென்னை ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்ட இந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களுக்கு இறப்பு குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் ஓர் உயிர் காக்கும் மருந்துக்குத் துணை நிற்கும் என்பதை நாம் அன்றாடம் நிறுத்துப் போடும் தராசே சொல்கிறது.

அரசும் சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென்று நோயாளியின் வங்கிக் கணக்கில் பணம் செலுத்துகிறது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில் தனிநபர்களும் நிறுவனங்களும் சங்கங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கலாம். மளிகை வணிகர்களைவிட இதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

நாம் செய்ய வேண்டியவை

1. நமக்கோ, குடும்பத்தாருக்கோ, கடைப் பையன்களுக்கோ, லோடுமேன்களுக்கோ இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சோதனைக்கு அனுப்புவோம். அந்த ஒரு நாள் கூலியைப் பிடிக்காதிருப்போம்.

2. நோய் என்று தெரிந்த பணியாளை வேலையை விட்டு நீக்காதிருப்போம். டாக்டர் சொல்லும்வரை ஓய்வும், பிறகு அவருடைய வேலையும் கொடுப்போம். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் எவரும் இருமலை வெளியே சொல்ல மாட்டார்கள்.

3. கடையின் பின்கட்டிலும் கிடங்கிலும் பணியாளர் தூங்கும் அறையிலும் ஜன்னலைத் திறந்து வைப்போம். காற்றும் வெயிலும் செலவில்லாத காவல்.

4. இருமுபவர் துணியால் வாயை மூடிக்கொள்ளச் சொல்வோம். கடை வாசலில் துப்புவதை அனுமதிக்க வேண்டாம்.

5. மருந்து உட்கொள்ளும் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதமும் அரிசி, பருப்பு, முட்டை, எண்ணெய் ஆகியவற்றில் பற்றை நிறுத்தாமல் கொடுப்போம். தேறியவர் கடனை அடைப்பார்.

6. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகிய இரண்டையும் விலைப்பட்டியல் பலகையின் அடியில் எழுதி வைப்போம்.

காட்டுப்பள்ளி, பழவேற்காடு, மீஞ்சூர், பொன்னேரி வட்டார உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில், சங்கத்தின் சார்பில் சில குடும்பங்களைத் தத்தெடுப்பது பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம். அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளைக் காலை கடை திறந்ததும் இருமிக்கொண்டே வரும் முதல் வாடிக்கையாளரிடம், எத்தனை நாளாக இருமல் என்று கேளுங்கள்.